நிலவு முற்றினால் வகுப்பு

எனக்கு ஒரு வியாதி உண்டு. கூட்டங்களில் சிரிப்பு வரும். யாராவது கண்டிப்பான முகத்தோடு "கற்றல் பேறுகள்" என்று சொன்னால் போதும், தொண்டைக்குள் ஏதோ குமிழிவிடத் தொடங்கிவிடும். பேனாவைக் கீழே விழுத்திவிட்டு, மேசைக்கு அடியில் அதைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் குனிந்திருந்துவிட்டுத்தான் நிமிர்வேன். இப்படிப்பட்ட ஒருத்தியைப் பிடித்து, வேலை செய்யும் இடத்திலேயே படித்துப் பட்டம் வாங்கும் ஒரு கற்கைநெறியை மன்னாரில் உருவாக்கித் தா என்று பல்கலைக்கழக வளாகத்தில் கேட்டார்கள் என்றால், அந்த நேரம் அவர்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மீள்குடியேற்ற காலம் அது. புத்தளத்திலிருந்தும் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்தும் சனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் முதலில் கூரை போட்டார்கள், அடுத்த நாளே வேலைக்குப் போனார்கள். மூன்று வருடம் வேலையை விட்டுவிட்டுக் கம்பசுக்குப் போய் இருக்க யாருக்கும் வசதி இல்லை. அப்படியென்றால் கம்பஸ் வேலைக்கு வரட்டும் என்பதுதான் யோசனை. அதற்கு வேலை கொடுப்பவர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும், அவர்களோடு இருந்து பாடத்திட்டம் எழுத வேண்டும், அதை வளாகத்தின் உயர்சபையான மூதவை ஏற்கச் செய்ய வேண்டும். எனக்கு ஒரு வருட ஒப்பந்தம். கீரிக் கிராமத்தில் ஒரு வாடகை அறை, ஒரு ஸ்கூட்டி, ஒரு தடித்த கோப்பு. அவ்வளவுதான் எங்கள் கந்தோர்.

முதல் மாதம் முழுக்க வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். ஐஸ் தொழிற்சாலைக்காரர் நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "நல்ல விசயம் பிள்ளை. ஆனால் என்ர பெடியள் எல்லாரும் படிக்கப் போனால் ஐஸ் உடைக்கிறது ஆர், நீரோ?" என்றார். கட்டடச் சாமான் கடைக்காரர் பட்டத்தை எந்தக் காற்றுக்கு ஏற்றுவது என்று கேட்டுவிட்டுத் தன் பகிடிக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயும் ஒப்பந்தம் நடக்கவில்லை.

கடைசியில் விடத்தல்தீவுப் பாதையில் இருந்த நண்டுத் தொழிற்சாலைக்குப் போனேன். முதலாளி புத்தளத்தில் வளர்ந்து, பிறகு வாப்பாவின் காணிக்குத் திரும்பி வந்து தொழில் தொடங்கியவர். படித்தது ஒன்பதாம் வகுப்பு வரைதான். அவர் என் விளக்கத்தை இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து என் முன்னால் போட்டார்.

"மகள், உந்த இங்கிலிசை முதல்ல பாருங்கோ."

அவரிடம் நண்டுச் சதை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் எழுதியிருந்தார்கள். அடுத்த பருவம் தொடங்கும்போது தொழிற்சாலையின் தரத்துக்குப் பொறுப்பாக இருப்பவர் பட்டதாரியாகவோ, குறைந்தது பட்டப்படிப்புக்குப் பதிவு செய்தவராகவோ இருக்க வேண்டுமாம்.

"இப்ப ஆர் பொறுப்பு?" என்று கேட்டேன்.

முதலாளி கண்ணாடி ஜன்னல் வழியே கையைக் காட்டினார். கூடைகள் வந்து இறங்கும் வாசலில், முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து போட்டுக்கொண்டு, கழுத்தில் பொலித்தீன் பைக்குள் ஒரு கொப்பியைத் தொங்கவிட்டபடி ஒரு பெண் நின்றாள். அவளுக்கு முன்னால் அரிப்புக் கிராமத்தில் இருந்து நண்டு கொண்டுவந்த ஒரு பெரிய மனிதர் கைகளை விரித்து ஏதோ மன்றாடிக்கொண்டிருந்தார். அவள் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள். மனிதர் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

"அவவை மாதிரி ஒரு ஆள் எனக்குக் கிடைக்காது. ஆனால் பட்டம் படிக்கிறா எண்டு ஒரு கடிதம் வேணும். இல்லையெண்டால் வெளியில இருந்து ஒரு பட்டதாரியைப் போடத்தான் வேணும். அவ பழையபடி சதை பிரிக்கிற மேசைக்குப் போகோணும். எனக்கும் விருப்பமில்லை மகள்."

அன்றிலிருந்து அந்தப் பெண் எனக்கு அக்கா. தமிழ்நாட்டில் மண்டபம் முகாமில் வளர்ந்தவள். முகாமில் இருந்தபடியே அங்கு ஒரு நண்டுக் கொம்பனியில் வேலை செய்து, திரும்பி வந்த அடுத்த கிழமையே இங்கே சேர்ந்தவள். கோபம் வந்தால் மட்டும் "போங்க, வாங்க" என்று இந்தியத் தமிழ் வாயில் வந்துவிடும். நண்டுக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அக்கா "எடுத்திட்டுப் போங்க" என்றால் அதற்குமேல் பேசிப் பயனில்லை.

அக்காவின் கீழே இன்னும் பதினொரு பெண்கள் படிக்க ஆயத்தமாக இருந்தார்கள். நான் சந்தோசத்தில் கால் நிலத்தில் படாமல் திரிந்தேன். மூன்று கிழமை இருந்து ஒரு கால அட்டவணை செய்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை வகுப்பு. உணவுப் பாதுகாப்புக்குப் பச்சை, முகாமைத்துவத்துக்கு நீலம், ஆங்கிலத்துக்கு மஞ்சள். அவ்வளவு வடிவான ஒரு அட்டவணையை நான் அதற்கு முதலும் செய்ததில்லை, பிறகும் செய்ததில்லை.

முதலாளி அதைப் பார்த்தார். அக்காவிடம் நீட்டினார். அக்கா பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"சனிக்கிழமையோ தங்கச்சி?" என்றாள் அக்கா, ஏதோ எனக்குக் காய்ச்சல் என்பதுபோல.

சனிக்கிழமைதான் நண்டு குவியும் நாள். ஞாயிறு வேதக்காரர் கடலுக்குப் போகமாட்டார்கள், அதனால் சனி வந்ததை எல்லாம் அன்றைக்கே முடித்து லொறியில் ஏற்ற வேண்டும். சரி, வெள்ளி என்றேன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காகப் பகலில் வேலை நிற்கும், அதை ஈடுகட்டக் காலையில் இரண்டு மடங்கு ஓட்டம். ஞாயிறு என்றேன். பூசை, பிறகு பிள்ளைகளின் மறைக்கல்வி, பிறகு தோய்க்க ஒரு கிழமை உடுப்பு. திங்கள் என்றேன். செவ்வாய் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அக்காவிடம் காரணம் இருந்தது, எல்லாம் சரியான காரணமாகவும் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப நீங்கள் எல்லாரும் எப்பதான் சும்மா இருப்பியள்?"

"நிலவு முத்தினால்" என்றாள் அக்கா.

நிலவு முற்றும் நாட்களில் நண்டுக்குள் சதை இருக்காது, ஓடும் தண்ணீரும்தான் என்றாள். அப்படியான நண்டை அவள் வாசலுக்குள் விடவே மாட்டாள். அந்த மூன்று நான்கு நாளும் தொழிற்சாலையில் நிலத்தைக் கழுவுவார்கள், கத்தி தீட்டுவார்கள், மிச்ச நேரம் கதைப்பார்கள். முதலாளிக்கு அந்த நாட்களைக் கண்டாலே எரிச்சல்.

"அந்த நாளை எடுங்கோ மகள். கதைக்கிற நேரத்துக்குப் படிக்கட்டும்" என்றார் முதலாளி. நான் பச்சையும் நீலமும் மஞ்சளுமான என் அட்டவணையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். சிரிப்பு வந்தது. இந்த முறை மேசைக்கு அடியில் ஒளிக்கத் தேவைப்படவில்லை.

ஆனால் முழுநிலவு நாள் போயா. அரச விடுமுறை. தொழிற்சாலை சும்மா இருக்கும் அந்த நாளில் வளாகமும் பூட்டு. அதனால் போயாவுக்கு அடுத்த இரண்டு நாட்கள் என்று முடிவு செய்தோம். காலையில் இருந்து பின்னேரம் வரை, ஒரு மாதப் பாடத்தை இரண்டு நாளில். மிச்ச நாட்களில் வேலைதான் பாடம். அதற்கு ஒரு பயிற்சிப் பதிவு. வளாகத்தின் துணைப் பதிவாளருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கிழமையைச் சொல்லும், எழுதுறன்" என்றார்.

"கிழமை இல்லை சேர். போயாவுக்கு அடுத்த இரண்டு நாள்."

"அது மாசத்துக்கு மாசம் மாறுமே!"

"ஓம் சேர்."

"பிள்ளை, கொம்பியூட்டரில உதைப் போட இடமில்லை."

"சேர், கைநூலின்ர முன்பக்கத்தில நெகிழ்வான கற்கைநெறி எண்டு பெரிய எழுத்தில நீங்கள்தான் அச்சடிச்சிருக்கிறியள்."

மறுபக்கத்தில் கைநூலைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, கையால எழுதி வைக்கிறன்" என்றார். நான் வெளியே ஓடிவந்து ஸ்கூட்டியில் ஏறிச் சத்தமாகப் பாடிக்கொண்டு போனேன். மன்னார்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நடுவீதியில் நின்ற நான்கு கழுதைகள் நகராமல் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

அந்தச் சந்தோசம் இரண்டு கிழமைதான். அனுமதி விதிகள் வந்தன. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தொழில்கல்விச் சான்றிதழ் இருக்க வேண்டும். பதினொரு பேருக்கும் ஏதோ ஒரு வழி இருந்தது. அக்காவிடம் இருந்தது முகாம் பள்ளிக்கூடத்தில் எடுத்த பிளஸ் டூ. அது உயர்தரத்துக்குச் சமம் என்று கொழும்பில் இருந்து ஒரு கடிதம் வர வேண்டும். விண்ணப்பித்தாயிற்று. ஞாபகக் கடிதமும் போட்டாயிற்று. பதில் இல்லை. யாருக்காக இந்தப் படிப்பைக் கொண்டுவந்தேனோ, அவள் ஒருத்திதான் வாசலுக்கு வெளியே நின்றாள்.

"மேசைக்குத் திரும்பிப் போறது எனக்குப் பயமில்லை தங்கச்சி" என்றாள் அக்கா. சப்பாத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. "சதை பிரிச்ச கைதானே. ஆனால் புதுசா ஒருத்தர் வருவார். அவருக்கு நண்டைப் பற்றி நான்தான் சொல்லிக் குடுக்கோணும். சொல்லிக் குடுத்திட்டு, அவரிட்ட லீவு கேக்கோணும். அதுதான் நெஞ்சுக்க குத்துது."

"நான் இருக்கிறன் அக்கா" என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டிதான்.

பன்னிரண்டு பேரின் படிவங்களையும் நிரப்பி அனுப்பச் சொன்னார்கள். அக்காவின் படிவத்தையும் நான் சேர்த்தேன், கடிதம் பிறகு வரும் என்று ஓரத்தில் எழுதி. ஒவ்வொரு படிவத்திலும் பணியிட வழிகாட்டி என்று ஒரு கட்டம் இருந்தது. மாணவரின் வேலையை நாளாந்தம் பார்த்து, திருத்தி, கையெழுத்து வைப்பவர் யார்? பெண்கள் உண்மையைத்தான் எழுதினார்கள். நான் ஒன்றையும் வாசித்துப் பார்க்கவில்லை. அவசரம் என் கூடப்பிறந்தது. உறையில் போட்டு ஒட்டி, ஓடிப்போய்த் தபாலில் சேர்த்தேன்.

ஒரு மாதம் கழித்து வளாகத்தில் இருந்து இரண்டு பேர் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார்கள். கற்கைநெறிக் குழுவின் தலைவியான ஒரு பேராசிரியை, அவரோடு அந்தத் துணைப் பதிவாளர். அவர் ஒரு கையில் விதிப் புத்தகம், மறு கையில் மூக்கைப் பொத்திய லேஞ்சி. அவித்த நண்டின் மணம் பழகாதவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். முதலாளி சாப்பாட்டு அறையில் புதிய மேசை விரிப்புப் போட்டு, பட்டிசும் தேத்தண்ணியும் வைத்திருந்தார். அக்கா சுவரோரம் நின்றாள். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

துணைப் பதிவாளர் படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதலாவதில் வழிகாட்டி அக்கா. இரண்டாவதிலும் அக்கா. மூன்றாவது, நான்காவது, பதினொன்றாவது வரை அக்கா. பன்னிரண்டாவதை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதில மாணவரின்ர பேரும் வழிகாட்டியின்ர பேரும் ஒண்டு."

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

"என்ர வேலையை ஆர் பாக்கிறது சேர்? நான்தானே பாக்கிறன்" என்றாள் அக்கா, அதில் என்ன குழப்பம் என்பதுபோல.

எனக்குத் தொண்டையில் அது கிளம்பிவிட்டது. பேனாவை விழுத்தினேன். மேசைக்கு அடியில் போனேன். அங்கே என் வாயில் கையை வைத்துக்கொண்டு கண்ணீர் வர வர இருந்தேன். சிரிப்பு பாதி, மிச்சம் பயம். நான் பார்க்காமல் அனுப்பிய ஒரு தாள் அக்காவை முடித்துவிட்டது என்று நினைத்தேன். மேலே வந்தபோது துணைப் பதிவாளர் படிவத்தைத் தனியாக வைத்திருந்தார்.

"தன்னைத் தானே மேற்பார்வை செய்ய ஏலாது. அதோட உயர்தரமும் இல்லை. இந்தப் படிவத்தை ஏற்க முடியாது."

பேராசிரியை அக்காவின் பக்கம் திரும்பினார். அக்காவின் கழுத்தில் இருந்த பொலித்தீன் பையைக் காட்டி, "அது என்ன?" என்று கேட்டார்.

திருப்பி அனுப்பிய கூடைகளின் கொப்பி அது. எந்தக் கூடை, எங்கிருந்து, ஏன் திருப்பியது என்று ஒவ்வொரு நாளும் எழுதுவாள். பிறகு யாரும் வந்து சண்டை பிடிக்காமல் இருக்கத்தான். பேராசிரியை ஒரு பக்கத்தைத் திறந்து, சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.

"ஐஸ் உருகி அடியில் தண்ணீர். காரணம்: கூடையை வெயிலில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனது."

பக்கத்தைத் திருப்பினார்.

"மேலே நல்ல நண்டு, கீழே சதையில்லாத நண்டு. கேட்டதற்கு, அடுக்கியது மனைவி என்றார். மனைவியிடம் கேட்டேன். அவ அடுக்கவில்லை."

முதலாளி வாயில் இருந்த பட்டிசோடு இருமினார். பேராசிரியையின் தோள் குலுங்கத் தொடங்கியது. எனக்கு அப்போதுதான் இந்த வியாதி எனக்கு மட்டுமில்லை என்று தெரிந்தது.

"எங்கட வீட்டுக்காரரின் கூடை. திருப்பி அனுப்பினேன். காரணம்: அவருக்குத் தெரியும்."

அவ்வளவுதான். பேராசிரியை கொப்பியை மேசையில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நான் வெட்கத்தை விட்டுச் சிரித்தேன். சுவரோரம் நின்ற அக்காவும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துணைப் பதிவாளர் மட்டும் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். சிரிக்கத் தெரியாத மனிதர் என்று மனதுக்குள் அவரைத் திட்டினேன். அது என் பிழை.

"ஒரு நிமிசம்" என்றார் அவர். லேஞ்சியை மூக்கில் இருந்து எடுத்திருந்தார். "பணியிட வழிகாட்டியை வளாகம் வருகைப் போதனாசிரியராக நியமிக்கோணும். தகுதி, பட்டம் அல்லது துறையில பத்து வருச அனுபவம். இவவுக்கு எவ்வளவு?"

"அங்க ஏழு, இங்க நாலு" என்றாள் அக்கா. மண்டபத்துக் கொம்பனியின் அடையாள அட்டை இப்போதும் அவள் பேர்சில் இருந்தது. எடுத்து வைத்தாள்.

"அப்ப மற்றப் பதினொரு பேருக்கும் இவ வழிகாட்டியா இருக்கலாம். நியமிக்கலாம்." இன்னும் பத்துப் பக்கம் புரட்டினார். "நியமிச்சால், வளாகத்தின்ர போதனாசிரியர்கள் உயர்தரப் பெறுபேறு இல்லாமலே பட்டப்படிப்பில சேரலாம் எண்டு ஒரு விதி இருக்கு. ஆய்வுகூட ஆக்களுக்காக ஆரோ எப்பவோ போட்டது. ஒருத்தரும் இதுவரைக்கும் பாவிச்சதாத் தெரியேல்லை. ஆனால் விதி விதிதான்."

முதலாளிதான் முதலில் கேட்டார்.

"சேர், அப்ப இவ முதல்ல கம்பசில படிப்பிக்கிறா, பிறகு கம்பசில படிக்கிறாவோ?"

"ஓம்" என்றார் துணைப் பதிவாளர். முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு கோடு வளைந்தது. "அவவுக்கு வழிகாட்டி மட்டும் வேற ஆள் வேணும்."

"நான் இருக்கிறேன்" என்றார் பேராசிரியை. "மாதத்துக்கு ஒரு கொப்பி அனுப்பினால் போதும். நான் காத்திருந்து வாசிப்பேன்."

துணைப் பதிவாளரை நான் கட்டிப்பிடிக்கவில்லை, அவர் அதற்கு இடம் கொடுக்கிறவரும் இல்லை. ஆனால் வாகனம் வரை ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன். அவர் ஏறும்போது, "அடுத்த முறை அனுப்ப முதல் வாசியும் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். நல்லகாலம், நான் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் அந்தக் கட்டத்தை அழித்து வேறு யாருடைய பெயரையாவது போட்டிருப்பேன்.

நியமனக் கடிதம் முதலில் வந்தது. அனுமதிக் கடிதம் அடுத்த கிழமை. பருவம் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. முதலாளி இரண்டையும் படம் எடுத்து வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பினார். பிறகு தன் கதிரையில் இருந்து எழும்பி, "இனி உங்களை மிஸ் எண்டுதானே கூப்பிடோணும்?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா, "கூடை வந்திட்டுது முதலாளி" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். பிளஸ் டூ உயர்தரத்துக்குச் சமம் என்று கொழும்பில் இருந்து வரவேண்டிய கடிதம் வரவே இல்லை.

முதல் வகுப்பு போயாவுக்கு அடுத்த நாள். சாப்பாட்டு அறையில் பன்னிரண்டு கதிரை. கழுவிய நிலம் இன்னும் ஈரமாக இருந்தது. வளாகத்தில் இருந்து விரிவுரையாளர் வரப் பிந்தியது. வரவுப் பதிவேட்டில் போதனாசிரியர்தான் பெயர் கூப்பிட வேண்டும் என்பது விதி. அக்கா எழும்பி முன்னால் போனாள். அன்றைக்குச் சப்பாத்து இல்லை, பூப்போட்ட ஒரு சேலை. பதினொரு பெயரையும் முதலெழுத்தோடு ஒழுங்காகக் கூப்பிட்டாள். பதினொரு பேரும் வந்திருந்தார்கள்.

பிறகு பன்னிரண்டாவது பெயர். அது அவளுடையது. அதையும் முதலெழுத்தோடு முழுதாகக் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்து அறையைப் பார்த்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்புக் கிளம்பியது, பேனாவைத் தேடினேன், ஆனால் அது சிரிப்பாக வெளியே வரவில்லை. கன்னம் நனைந்துவிட்டது.

அக்கா பதிவேட்டைக் கீழே வைத்தாள். நடந்து போய்த் தன் கதிரையில் இருந்தாள். கையை உயர்த்தினாள்.

"ஓம், வந்திருக்கிறன்" என்றாள்.